ரெப்போ வட்டியும் பாம்பன் கரையும்

வங்கிகளுக்குத் தரும் குறுகிய காலக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டியே ரெப்போ விகிதம். அதில் செய்யப்படும் மாற்றம், கடன் வாங்குபவரை எவ்வளவு காலத்தில், எந்த அளவுக்குச் சென்று சேர்கிறது என்பதே என் ஆய்வுப் பணியின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட கேள்வி. வீட்டுக் கடனைப் பொறுத்தவரை இதற்கு ஓரளவு தெளிவான விடை உண்டு. 2019 அக்டோபர் முதல் மாறும் வட்டியிலான புதிய வீட்டுக் கடன்களை வங்கிகள் ரெப்போ விகிதம் போன்ற புற அளவுகோல் ஒன்றுடன் இணைக்க வேண்டியிருந்ததால், 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக ஏறியபோது, அந்த ஏற்றம் மாதத் தவணையிலோ தவணைக் காலத்திலோ விரைவாகவே தெரிந்தது.

இராமநாதபுரம் கடற்கரையில் இந்தக் கணக்கு வேறு. பாம்பனிலும் மண்டபத்திலும் தொண்டியிலும் படகுக்கும் வலைக்குமான பணத்தில் கணிசமான பங்கு வியாபாரியிடம் வாங்கும் முன்பணமாகவே இருக்கிறது. அதற்கு வட்டி எவ்வளவு என்று கேட்டால், இல்லை என்றே பதில் வரும். அந்தப் பதிலில் பொய்யும் இல்லை. பிடித்து வரும் மீனை அந்த வியாபாரிக்கே கொடுக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டிலும், கிலோவுக்குக் குறைத்துப் போடப்படும் விலையிலும், தரகுப் பிடித்தத்திலும் கடனின் விலை அடங்கியிருக்கிறது. ஆகவே இங்கே கேட்க வேண்டியது வட்டி விகிதத்தை அல்ல. முன்பணம் வாங்காதவரின் இறாலுக்கு அதே நாளில் என்ன விலை கிடைத்தது என்பதைத்தான். அந்த விலை வேறுபாட்டை ரெப்போ விகிதம் அசைப்பதற்கான வழி எதையும் நான் காணவில்லை. உழவர் கடன் அட்டையை மீனவர்களுக்கும் நீட்டிப்பதாக 2018-19 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. நல்ல முயற்சிதான், ஆனால் முன்பணத்தை முழுதாக அடைக்கும் அளவுக்கு அது பெரிய தொகையல்ல.

வட்டி விகிதத்தை மாற்றும் பணவியல் கொள்கையைவிட, வங்கிகளுக்கு விதி வகுக்கும் ஒழுங்குமுறையே இந்தக் கரையை முதலில் தொடுகிறது என்பது என் கருத்து. அது வரும் வழி நகைக் கடன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாட்களுக்குக் குடும்பத்தை நடத்த அடகு வைப்பது கழுத்திலும் காதிலும் கிடப்பதைத்தான். முன்பு பல இடங்களில், கெடு வந்ததும் ஒரு நாள் கைமாற்று வாங்கி நகையை மீட்டு, அன்றே திரும்ப வைத்துவிடுவார்கள். (கைமாற்றுக்கான வட்டி எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது.)

2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நகைக் கடன் விதிகள், 2.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை அனுமதிக்கின்றன. ஆனால், அசலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனுக்கு, அந்த வரம்பில் முதிர்வு வரையிலான வட்டியும் சேரும். அத்தகைய கடனைப் புதுப்பிக்க, அதுவரை சேர்ந்த வட்டியைக் கட்டியாக வேண்டும். இவ்வகை நுகர்வுக் கடனுக்குப் பன்னிரண்டு மாதமே உச்ச வரம்பு. ஏப்ரல் கடைசியில் வைத்த நகைக்கு ஓராண்டு கெடு கொடுத்தால், வட்டி கட்ட வேண்டிய நாள் அடுத்த தடைக்காலத்தில், வருமானமே இல்லாத வாரங்களில், வந்து விழும். விதி உச்சத்தை மட்டுமே சொல்கிறது என்பதால், கெடுவைப் பத்து மாதமாக வைத்து, படகுகள் தொழிலுக்குப் போகும் பிப்ரவரியில் முடியச் செய்வதற்கு எந்தத் தடையும் இல்லை. அதற்குப் புதிய சுற்றறிக்கை வேண்டியதில்லை, கிளை மேலாளர் மீன்பிடி நாட்காட்டியைப் பார்த்தாலே போதும்.