வண்டிக்கு ஒரு ஃபிரிட்ஜ்: கொழிஞ்சாம்பாறை முதல் அதிரப்பள்ளி வரை

மார்ச் மாதம் கொழிஞ்சாம்பாறையில் வெயிலில் நிறுத்திய வண்டியின் ஸ்டீயரிங்கை மதியம் தொட முடியாது. மலைத்தொடர் அறுந்து சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறோம், கோடையில் 40 டிகிரி தொடுவது இங்கே செய்தியே இல்லை. அன்றைக்கே பொள்ளாச்சி போய், ஆழியாறில் மலை ஏறி, 40 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டினால் வால்பாறையில் சாயங்காலம் ஸ்வெட்டர் தேட வேண்டியிருக்கும். எங்கள் பக்கத்து ஆட்கள் கேம்பிங் போக ஃபிரிட்ஜ் வாங்கினால் இந்த இரண்டு ஊரையும் மனதில் வைத்துத்தான் வாங்க வேண்டும், கடைக்காரர் ஏசி அறையில் ஓட்டிக் காட்டுவதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

எங்களுக்கு ஃபிரிட்ஜ் தேவைப்பட்டது கூல்டிரிங்ஸுக்காக இல்லை, அம்மாவின் இன்சுலினுக்காக. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், அதே சமயம் உறையவும் கூடாது. ஐஸ்பெட்டியில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல் பேக்கைப் பக்கத்தில் வைத்தால் ஒட்டியிருக்கும் மருந்து உறைந்துபோக வாய்ப்புண்டு, உறைந்ததை மறுபடி உருக வைத்துப் போடக் கூடாது, தூக்கி எறிய வேண்டியதுதான். அம்மா வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். அவரை விட்டுவிட்டு மலைக்குப் போவதில் எனக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை.

சரி, வகைகளுக்கு வருகிறேன். மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் பெல்டியர் வகை. உள்ளே கம்ப்ரசர் கிடையாது, மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் ஒரு சின்னத் தகடுதான். ஜான் பெல்டியே 1834ல் கண்டுபிடித்த விஷயம், சத்தமும் குறைவு, எடையும் குறைவு. ஆனால் வெளி வெப்பத்திலிருந்து 15, 20 டிகிரிதான் இறங்கும். வால்பாறையில் அது போதும். எங்கள் ஊர் வெயிலில் டிக்கிக்குள் 40 என்றால் பெட்டிக்குள் 20, அதில் பாலே நிற்காது, இன்சுலினை எப்படி நம்பி வைப்பது? போதாததற்கு, நிறுத்தாமல் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். கேஸில் ஓடும் வகையும் உண்டு. அதைச் சமதளத்தில்தான் வைக்க வேண்டும், மூடிய வண்டிக்குள் தீ எரியவும் கூடாது, ஆகவே மலைப்பாதைக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

மிச்சம் இருப்பது 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் வகை. வீட்டு ஃபிரிட்ஜின் தம்பிதான், வெளியே எவ்வளவு சூடாக இருந்தாலும் வைத்த டிகிரிக்கு இறக்கும், வளைவில் வண்டி சாய்ந்தாலும் ஓடும். விலை அதிகம், தூக்கினால் 15 கிலோ பக்கம் இருக்கும். இருந்தாலும் பாலக்காடு, பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

இதை வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், அசல் விஷயமே மின்சாரம்தான். 35 லிட்டர் பெட்டி ஒன்று ஓடும்போது 45 முதல் 60 வாட் இழுக்கும். நல்ல வெயிலில் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 வாட் அவர் (எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்பதன் பெருக்கல்), அதாவது 12 வோல்ட் பேட்டரியில் 50 ஆம்பியர் அவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு). வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே பல வண்டிகளில் அவ்வளவுதான் இருக்கும், அதுவும் ஒரே நொடியில் நிறையக் கொடுக்கச் செய்தது, மெல்ல மெல்ல வற்றிப்போனால் கெட்டுவிடும். பொள்ளாச்சியில் நான் வழக்கமாகப் போகும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பி பெட்டியைப் பார்த்ததும் சொன்னது இதுதான்: "ஏனுங்கக்கா, லைட்டர் சாக்கெட்ட நம்பி மலைக்குப் போயிடாதீங்க. பேட்டரில இருந்து நேரா தடிச்ச ஒயர்ல ஒரு லைன் இழுத்துத் தர்றனுங்க, ஃபியூஸ் பேட்டரி கிட்டயே போட்டர்லாம்."

அவர் சொன்னதில் பெரிய அர்த்தம் இருக்கிறது. சாக்கெட்டுக்குப் போகும் ஒயர் மெல்லியது, பேட்டரியில் முழு வோல்டேஜ் இருந்தாலும் டிக்கி வரை வருவதற்குள் குறைந்துபோகும், ஃபிரிட்ஜ் அதைப் பார்த்து பேட்டரி காலியாகிவிட்டது என்று தானாக அணைந்துவிடும். ஃபிரிட்ஜ் கெட்டுவிட்டது என்று நாமும் நினைத்துக்கொள்வோம். பல வண்டிகளில் சாவியைத் திருப்பி எடுத்ததுமே சாக்கெட்டும் செத்துவிடும். 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டு, வண்டி குலுங்கினாலும் லேசில் கழலாத ஆண்டர்சன் பிளக் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. பேட்டரி வற்றும் முன் ஃபிரிட்ஜ் தானாக அணைய, பேட்டரி பாதுகாப்பு என்று மூன்று நிலை இருக்கும், ஸ்டார்ட்டர் பேட்டரியில் ஓட்டினால் அதை உச்ச நிலையில்தான், அதாவது சீக்கிரமே அணையும்படிதான் வைக்க வேண்டும்.

இரண்டு இரவு தங்குவதாக இருந்தால் தனி பேட்டரியே நல்லது. 100 ஆம்பியர் அவர் லித்தியம் அயன் (இரும்பு) பாஸ்பேட் பேட்டரியில் சுமார் 1280 வாட் அவர் இருக்கும், பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். வண்டி ஓடும்போது அது ஏற நடுவில் ஒரு டிசி டு டிசி சார்ஜர் (வண்டியின் மின்சாரத்தைத் தனி பேட்டரிக்கு ஏற்ற அளவில் மாற்றிக் கொடுக்கும் கருவி) வேண்டும். சோலார் தகடு பற்றி நிறையப் பேர் ஆசையாகக் கேட்கிறார்கள். கொல்லங்கோட்டு வெட்ட வெளியில் அருமையாக வேலை செய்யும், வால்பாறையில் மர நிழலும் மேகமும் விடாது, ஜூனில் மழை பிடித்துவிட்டால் சுத்தமாகப் பிரயோஜனமில்லை. பக்கத்துச் சின்னக்கல்லார் தென்னிந்தியாவிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று.

ஒரே இரவு, மருந்தும் இல்லை என்றால் இத்தனை செலவே வேண்டாம், நல்ல ஐஸ்பெட்டி போதும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது ஏறக்குறைய 93 வாட் அவர் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், 5 கிலோ போட்டால் ஒரு நாள் ஓடிவிடும்.

எத்தனை லிட்டர்? நான்கு பேருக்கு 35 தாராளம். வழியெல்லாம் பால் கிடைக்கிறது, தயிர் கிடைக்கிறது, முதலமடை மாம்பழத்துக்கும் நேந்திரம் பழத்துக்கும் குளிரே கூடாது, சுவை செத்துவிடும். எங்கள் பெட்டியில் கட்டாயம் போவது தோசை மாவு. வெளியே வைத்தால் மதியத்துக்குள் பொங்கி டிக்கியெல்லாம் வழியும், 4 டிகிரியில் அப்படியே அடங்கிக் கிடக்கும். ஒரு பக்கம் ஃபிரிட்ஜ், ஒரு பக்கம் ஃப்ரீசர் என்று இரட்டை அறைப் பெட்டிகளும் வருகின்றன, நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வெளியே 40 இருக்கும்போது உள்ளே 5 வைப்பது 35 டிகிரி இறக்கம், மைனஸ் 18 வைப்பது 58 டிகிரி இறக்கம், பேட்டரி எங்கே தாங்கும்?

வால்பாறையில் வனத்துறை அனுமதியில்லாமல் காட்டோரம் கூடாரம் போட முடியாது, போடவும் கூடாது. யானையும் சிறுத்தையும் நடமாடும் ஊர். தங்கும் விடுதி முற்றத்தில் வண்டியை நிறுத்தி அருகிலேயே கூடாரம் போட்டோம், சாப்பாட்டுப் பொருள் எதையும் கூடாரத்துக்குள் வைக்கவில்லை, அரிசி உப்பு வாசனைக்கெல்லாம் யானை வரும். இரவுக் குளிரில் கம்ப்ரசர் எப்போதாவதுதான் ஓடியது. இன்சுலினை கம்ப்ரசருக்கு மேலே இருக்கும் ஆழமில்லாத தட்டில் துணி சுற்றி வைத்திருந்தோம், கூடவே தனியாக ஒரு தெர்மாமீட்டர். உட்சுவரை ஒட்டிய இடம் திரையில் காட்டுவதைவிடக் குளிர்ந்திருக்கும், மருந்தை அங்கே வைக்கவே வைக்காதீர்கள்.

மறுநாள் மளுக்கப்பாறை செக்போஸ்ட் தாண்டி வாழச்சால் வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் காட்டுச்சாலை. இரவில் வண்டியை விட மாட்டார்கள், பகலிலும் இறங்கி நிற்கக் கூடாது, மெதுவாக ஓட்டிப் போவதில் பேட்டரி நன்றாக ஏறிவிட்டது. அம்மா சோலையாறு அணையைப் பார்த்ததிலிருந்து அதிரப்பள்ளி வரை பேசிக்கொண்டே வந்தார். சாலக்குடியில் மீன் வாங்கினோம். ஒன்று சொல்ல வேண்டும், இந்தப் பெட்டிகள் குளிர்ந்ததைக் காப்பாற்றும், சூடானதைச் சீக்கிரம் உறைய வைக்காது. 5 கிலோ மீனை அப்படியே போட்டால் ராத்திரி முழுக்க ஓடினாலும் உறையாது, மற்றதும் சூடாகும். அதனால் மீன் கடையிலேயே ஐஸ் போட்டு, தனி டப்பாவில் அடைத்துத்தான் ஏற்றினோம். கிளம்புவதற்கு முந்தின இரவே வீட்டுக் கரண்டில் பெட்டியைக் குளிர வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

டிக்கியில் வைக்கும்போது காற்று போகும் பக்கத்தில் ஒரு கை அகலம் இடம் விடுங்கள், பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், அந்த வளைவுகளில் 15 கிலோ பெட்டி நகர்ந்தால் பின்சீட்டில் இருப்பவர் முதுகில்தான் வந்து மோதும். வீட்டுக்கு வந்ததும் துடைத்துக் காயவிட்டு, மூடியின் இடுக்கில் ஒரு துண்டை மடித்துச் செருகி லேசாகத் திறந்தே வையுங்கள், இறுக மூடி வைத்தால் ரப்பர் ஓரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.