பெர்சிபோலிஸ்: தூண்களை விடுங்கள், படிக்கட்டைப் பாருங்கள்

ஈரானின் ஷிராஸ் நகரில் இருந்து வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டர். மர்வ்தஷ்த் என்ற ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் சமவெளி முடிந்து கூஹ்-இ ரஹ்மத் மலை எழும்புகிறது. அதன் அடிவாரத்தில் பாறையைச் செதுக்கியும் பள்ளத்தை நிரப்பியும் உண்டாக்கிய ஒரு பெரிய கல் மேடை இருக்கிறது. ஏறக்குறைய 450 மீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம். அந்த மேடைக்கு மேலேதான் பெர்சிபோலிஸ். அது கிரேக்கர்கள் வழியாக வந்த பெயர். ஈரானியர்கள் தக்த்-இ ஜம்ஷீத் என்கிறார்கள், பழங்கதையில் வரும் ஜம்ஷீத் மன்னனின் அரியணை என்று. டாக்சி டிரைவரிடம் நான் "பெர்சிபோலிஸ்" என்றதும், அதே பெயரில் இருக்கும் டெஹ்ரான் கால்பந்து அணியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அவருக்கு அந்த அணியைப் பிடிக்காதாம். ஊர் போய்ச் சேரும் வரை அதே பேச்சு.

போகிறவர்களுக்கு ஒரே ஒரு நடைமுறை விஷயம். பொருளாதாரத் தடைகள் காரணமாக நம் வங்கி அட்டை எதுவும் ஈரானில் வேலை செய்யாது. செலவுக்கான மொத்தத்தையும் டாலராகவோ யூரோவாகவோ கையில் கொண்டுபோக வேண்டும். விலையை ஆட்கள் தோமானில் சொல்வார்கள், நோட்டில் ரியால் என்று இருக்கும், ஒரு தோமானுக்குப் பத்து ரியால். என் தம்பிக்கு இது அரை நாளில் பிடிபட்டுவிட்டது. நான் கடைசிவரை அவனையே காசு கொடுக்கவிட்டேன்.

காலையிலேயே போய்விடுங்கள். மேடைமேல் நிழலே கிடையாது. வெயில் ஏற ஏறக் கல்லும் சேர்ந்து காய்ச்சும். அதோடு முக்காடும் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

கட்டியது யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய பாரசீகத்தின் அகாமனிசியப் பேரரசை ஆண்ட முதலாம் டேரியஸ் கி.மு. 518 வாக்கில் தொடங்கினான். மகன் செர்க்சஸ் தொடர்ந்தான். பேரன் அர்தசெர்க்சஸ் காலத்திலும் வேலை நடந்தது. கடைசிவரை முடியவே இல்லை என்றும் சொல்லலாம், ஏனென்றால் பாதி செதுக்கிய ஒரு வாசல் அப்படியே கிடக்கிறது.

மேலே ஏற இரட்டைப் படிக்கட்டு, பக்கத்துக்கு 111 படிகள். ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் உயரம்தான். குதிரைகள் ஏறுவதற்காக என்று ஒரு வழிகாட்டி தன் கூட்டத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார். நீண்ட அங்கி போட்ட பிரபுக்கள் தடுக்காமல், கம்பீரம் குலையாமல் ஏறுவதற்காக என்றார் இன்னொருவர். எனக்கு இரண்டாவதுதான் சரி என்று பட்டது, ஏறிப் பார்த்தால் உங்களுக்கும் படும். அந்தப் படியில் அவசரமாக ஏறவே முடியாது. இப்போது தேய்மானத்தைத் தடுக்க மரப் பலகை போட்டு மூடியிருக்கிறார்கள். கற்களுக்கு நடுவே சாந்து இல்லை. இரும்புப் பட்டைகளை ஈயம் ஊற்றி இறுக்கியிருந்தார்கள். பிற்காலத்தில் உலோகத்துக்கு ஆசைப்பட்டு அவற்றைப் பெயர்த்தெடுத்தவர்கள் விட்டுப்போன குழிகளைப் பல இடங்களில் பார்க்கலாம்.

படி முடிந்ததும் செர்க்சஸ் கட்டிய 'அனைத்து நாடுகளின் வாசல்'. மனிதத் தலையும் இறக்கையும் கொண்ட காளைகள் காவல் நிற்கின்றன. மேலே பழைய பாரசீகம், எலாமியம், பாபிலோனியம் என்று மூன்று மொழிகளில், ஆப்பு வடிவக் கோடுகளால் ஆன ஆப்பெழுத்துக் கல்வெட்டு. கீழே கைக்கெட்டும் உயரத்தில் ஐரோப்பியப் பயணிகள் செதுக்கிவிட்டுப் போன பெயர்கள். ஆப்பிரிக்காவில் லிவிங்ஸ்டனைத் தேடிப்போன அதே ஸ்டான்லி, 'நியூயார்க் ஹெரால்ட் 1870' என்று தன் பத்திரிகையின் பெயரையும் சேர்த்து அழகான எழுத்தில் வெட்டியிருக்கிறார். எரிச்சலாகத்தான் வந்தது. ஆனால் இந்தப் பழக்கம் அவர்களோடு தொடங்கியதும் இல்லை. உள்ளே டேரியஸின் தச்சாரா அரண்மனையில் பிற்காலத்தில் ஈரானை ஆண்ட சாசானிய வம்சத்து இளவரசன் ஒருவன் கி.பி. 4ஆம் நூற்றாண்டில் வெட்டிய எழுத்து இருக்கிறது, 10ஆம் நூற்றாண்டில் பூயித் வம்சத்து அரசன் ஒருவன் வெட்டியதும் இருக்கிறது. பழசாகிவிட்டால் கிறுக்கலும் கல்வெட்டாகிவிடும் போல.

வாசலைத் தாண்டினால் எல்லாரும் கேமராவைத் தூக்கும் இடம்: அபதானா. 60 மீட்டர் சதுரத்தில் ஒரு சபை மண்டபம். 72 தூண்கள் இருந்தன, இன்று நிற்பவை 13. சுமார் 20 மீட்டர் உயரம். உச்சியில் முதுகோடு முதுகாக ஒட்டிய இரட்டைக் காளைகள், அவற்றின் முதுகில் லெபனானில் இருந்து வந்த தேவதாரு உத்தரங்கள், அதற்கு மேல் கூரை. இந்த வளாகத்தில் ஒரு விசித்திரம் உண்டு. வாசல் சட்டங்களும் ஜன்னல் சட்டங்களும் தனித்தனியாக வெறும் வெளியில் நிற்கும். சுவர்களைக் காணோம். சுவரெல்லாம் பச்சைச் செங்கல், கரைந்து போய்விட்டது. கல்லில் செய்தவை மட்டும் மிச்சம். இது தெரியாமல் நடந்தால் ஏதோ கல் கட்டங்களுக்கு நடுவே சுற்றுவது போலத்தான் இருக்கும்.

தூண்களை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துவிட்டுப் பாதிப் பேர் நகர்ந்துவிடுகிறார்கள். நான் சொல்வது, அந்த நேரத்தை அபதானாவின் கிழக்குப் படிக்கட்டுக்குக் கொடுங்கள் என்று. மேலே பந்தல் போட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள், ஓரளவு நிழலும் உண்டு. வடக்குப் படிக்கட்டிலும் இதே காட்சிகள்தான், ஆனால் அது எப்போதும் வெளியே தெரிந்துகொண்டிருந்ததால் மழுங்கிவிட்டது. கிழக்குப் பக்கம் இடிபாட்டு மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்துக்காகத் தோண்டிய எர்ன்ஸ்ட் ஹெர்ஸ்ஃபெல்ட் 1932இல்தான் அதை வெளியே கொண்டுவந்தார். கட்டடம் எரிந்து, மேலிருந்த செங்கல் சரிந்து மூடியதால்தான் தாடியின் சுருள் வரை இன்னும் கூர்மையாக இருக்கிறது.

ஒரு பக்கம் பாரசீக, மீடியப் பிரபுக்களின் வரிசை. விறைப்பாக நிற்கிறார்கள் என்று தூரத்தில் தோன்றும். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒருவர் பின்னால் திரும்பி ஏதோ சொல்கிறார், இன்னொருவர் முன்னால் நிற்பவரின் தோளில் கை போட்டிருக்கிறார், ஒருவர் கையில் பூ. அரச சபைக்குள் நுழைவதற்கு முன்னால் வெளியே காத்திருப்பவர்கள் அடிக்கும் அரட்டை அது.

மறுபக்கம் 23 நாட்டுத் தூதுக் குழுக்கள், காணிக்கைகளோடு. குழுவுக்கும் குழுவுக்கும் நடுவே ஒரு சைப்ரஸ் மரம். ஆர்மீனியர்கள் குதிரையும் கைப்பிடி வைத்த ஜாடியும் கொண்டுவருகிறார்கள். பாக்ட்ரியர்கள் இரட்டைத் திமில் ஒட்டகத்தை இழுத்து வருகிறார்கள். எலாமியர்களின் குழுவில் ஒரு பெண் சிங்கம். அதன் குட்டிகள் இரண்டையும் பின்னால் வருபவர்கள் தூக்கி வைத்திருக்கிறார்கள், தாய் கழுத்தைத் திருப்பி அவற்றைப் பார்க்கிறது. செதுக்கியவன் சிங்கத்தையோ, குறைந்தபட்சம் ஒரு மாட்டையோ கன்றையோ வளர்த்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

"அக்கா, இங்க வந்து பாரு" என்று தம்பி கூப்பிட்டான். அவன் தேடிக்கொண்டிருந்தது ஹிந்துஷ் நாட்டுக் குழுவை. சிந்து நதிப் பக்கத்து ஆட்கள். தலைவன் மேலே துணி போர்த்திச் செருப்பு போட்டிருக்கிறான். பின்னால் வருபவர்களுக்கு வெறுங்கால், வெற்றுடம்பு, இடுப்பில் முழங்கால் வரை ஒரு துணி. ஒருவன் தோளில் அச்சு அசலாகக் காவடி, இரண்டு முனையிலும் கூடை தொங்குகிறது. கூடையில் இருப்பது தங்கத்தூள் என்பது பொதுவான கருத்து, ஏனென்றால் இந்தியர்கள் ஆண்டுக்கு 360 தாலந்து (பழைய எடை அளவு) தங்கத்தூள் கட்டினார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அப்புறம் ஒரு கழுதை, அதை ஓட்டிவரும் ஆள், கையில் இரட்டைக் கோடாரிகள் ஏந்திய ஒருவன். அங்கே நின்றிருந்த ஈரானியக் குடும்பம் எங்களைப் பார்த்து "ஹிந்தி?" (இந்தியரா?) என்று கேட்டு, சிற்பத்தையும் எங்களையும் மாற்றி மாற்றிக் காட்டிச் சிரித்தது. அடுத்த கேள்வி ஷாருக் கானைப் பற்றி. அதற்குள் அவர்களுடைய ஃபிளாஸ்கில் இருந்து எங்களுக்குத் தேநீர் வந்துவிட்டது.

எல்லாக் குழுக்களிலும் ஒரு விஷயம் பொது. முன்னால் ஒரு பாரசீக அல்லது மீடிய அதிகாரி. ஒரு கையில் கோல். இன்னொரு கையால் குழுத் தலைவனின் கையைப் பிடித்து அழைத்துப் போகிறான். 23 முறையும் அதே கை. எங்கும் சங்கிலி இல்லை, யாரும் யார் காலிலும் விழவில்லை, ஒரு போர்க் காட்சிகூட இல்லை. வழிகாட்டிகள் இதைக் காட்டி, பாருங்கள் எவ்வளவு நாகரிகமான பேரரசு என்கிறார்கள். அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதே டேரியஸ் மேற்கு ஈரானில் இருக்கும் பிஸுதூன் மலையில் தன்னைச் செதுக்கிக்கொண்ட விதம் வேறு. அங்கே ஒருவன் மார்பில் கால் வைத்து நிற்கிறான், எதிரே ஒன்பது பேர் கழுத்தில் கயிறோடும் பின்னால் கட்டிய கைகளோடும் வரிசையாக நிற்கிறார்கள். பிஸுதூன் பெருவழியோரத்து மலை, கலகம் செய்ய நினைப்பவனுக்கான பாடம். பெர்சிபோலிஸ் விருந்தாளிகள் ஏறிவரும் படி. வருகிறவனுக்கு எதைக் காட்ட வேண்டும் என்று அரசனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. நவ்ரூஸ் புத்தாண்டுக்காகவே கட்டிய இடம் என்றும் அடித்துச் சொல்வார்கள். கல்வெட்டு எதிலும் அப்படி ஒரு வரி இல்லை.

சிற்பத்தில் இல்லாதவர்களைக் களிமண் பலகைகளில் பார்க்கலாம். 1933, 34இல் மேடையின் வடகிழக்குக் கோட்டைச் சுவரில் எலாமிய மொழியில் எழுதிய பலகைகள் பல்லாயிரக்கணக்கில் கிடைத்தன. எல்லாம் கணக்கு. யாருக்கு எவ்வளவு பார்லி, எவ்வளவு மாவு, எவ்வளவு ஒயின், எவ்வளவு பீர். எகிப்து, பாபிலோனியா, அயோனியா என்று எங்கிருந்தெல்லாமோ வந்து வேலை செய்தவர்கள். முத்திரையிட்ட ஆணையைக் காட்டி வழியில் உணவுப் படி வாங்கிக்கொண்டு போன இந்தியப் பயணிகளும் அதில் வருகிறார்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் தனிப் படி உண்டு. பிறந்தது ஆண் என்றால் பெண்ணுக்குக் கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு! இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய பிரசவ உதவி என்று பாராட்ட வாயெடுத்தவள், இந்த வரியில் வாயை மூடிக்கொண்டேன்.

இந்தப் பலகைகள் ஆராய்ச்சிக்காக சிகாகோவுக்குக் கடனாகப் போனவை. 1997 ஜெருசலேம் குண்டுவெடிப்பை நடத்திய ஹமாஸுக்கு ஈரான் உதவியது என்று அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது, அதில் பாதிக்கப்பட்ட அமெரிக்கர்கள் ஈரான் தரவேண்டிய நஷ்ட ஈட்டுக்காக அவற்றைப் பறிமுதல் செய்யக் கேட்டு வழக்குப் போட்டார்கள். அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 2018இல் தள்ளுபடி ஆனது. அடுத்த ஆண்டு 1,783 பலகைகள் டெஹ்ரான் திரும்பின.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். தச்சாரா சிறியது, ஆனால் கல்லை மெருகேற்றியிருக்கும் விதத்துக்காகவே போகலாம், சில இடங்களில் இன்றும் முகம் மங்கலாகத் தெரிகிறது. நூறு தூண் மண்டபத்தில் தூண்களின் அடிக்கட்டைகள்தான் மிச்சம். அருங்காட்சியகம் பழைய அந்தப்புரம் என்று சொல்லப்படும் கட்டடத்தில் இருக்கிறது. தரையில் வைத்திருக்கும், ஹோமா என்ற புராணப் பறவையின் இரட்டைத் தலைச் சிற்பத்தைப் பார்த்தால் ஈரான் ஏர் விமானத்தின் வாலில் இருக்கும் சின்னம் ஞாபகம் வரும், அதிலிருந்து எடுத்ததுதான்.

கி.மு. 330இல் அலெக்சாண்டர் இங்கே வந்தான். கருவூலத்தைக் காலி செய்ய 10,000 ஜோடிக் கோவேறு கழுதைகளும் 5,000 ஒட்டகங்களும் தேவைப்பட்டன என்கிறார் பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். பிறகு அரண்மனைகள் எரிந்தன. விருந்தில் குடிபோதையில் தாயிஸ் என்ற பெண் தூண்டிவிட்டாள் என்பது ஒரு கதை, கி.மு. 480இல் செர்க்சஸ் ஏதென்ஸைக் கொளுத்தியதற்குப் பழி என்பது இன்னொன்று. எனக்கு என்னவோ, ஊர் எரிந்த பழியை ஒரு பெண் தலையில் கட்டும் கதையைக் கேட்டாலே சந்தேகம்தான் வருகிறது. கருவூலத்தை நிதானமாகக் காலி செய்துவிட்டு அப்புறம் வைத்த தீ அது.

வெளியே வரும் வழியில் மரங்களுக்கு நடுவே இரும்புக் கூடுகள் நிற்கும். 1971 அக்டோபரில் ஈரானின் ஷா, பாரசீக முடியாட்சியின் 2,500 ஆண்டு விழாவுக்காக உலகத் தலைவர்களைத் தங்கவைத்த கூடாரங்களின் எலும்புகள். பாரிஸில் இருந்து மாக்ஸிம்ஸ் உணவகத்துச் சமையல் வந்தது. எட்டு வருஷத்தில் ஷா நாட்டை விட்டே போனார்.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் நக்ஷ்-இ ரோஸ்தம். செங்குத்தான பாறையில், உயரத்தில், சிலுவை வடிவத்தில் நான்கு அரச கல்லறைகள். கீழே பல நூற்றாண்டு கழித்துச் சாசானியர்கள் செதுக்கிய சிற்பங்கள். ஒன்றில் முதலாம் ஷாப்பூர் குதிரைமேல் இருக்கிறான், ஒரு ரோமானியப் பேரரசர் மண்டியிட்டிருக்கிறார், பக்கத்தில் நிற்கும் இன்னொருவரின் கையை ஷாப்பூர் பிடித்திருக்கிறான். நிற்பவர் கி.பி. 260இல் சிறைப்பட்ட ரோமானியப் பேரரசர் வலேரியன் என்கிறார்கள். இந்தப் பிடியில் உபசாரம் எதுவும் கிடையாது.

நான்கு கல்லறைகளில் யாருடையது என்று கல்வெட்டே சொல்வது டேரியஸுடையது மட்டும். மேலே 30 நாட்டவர் அவன் அரியணை மேடையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள், அதில் ஹிந்துஷ் ஆளும் உண்டு. டேரியஸ் எத்தனை நாடுகளை ஆண்டான் என்று யோசித்தால், அரியணையைச் சுமப்பவர்களின் உருவங்களைப் பார், பாரசீகனின் ஈட்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும் என்கிறது கல்வெட்டு. படிக்கட்டில் கையைப் பிடித்தவன் இங்கே ஈட்டியைப் பற்றி நேரடியாகவே பேசிவிடுகிறான். ஆட்களை அடையாளம் கண்டுபிடிக்க பைனாகுலர் வேண்டும், போன் கேமரா ஜூம் போதவில்லை.