டெரோசாரைத் தேடி இரண்டு இடங்களுக்கு

பப்புவா நியூ கினியில் உம்பாய் என்றொரு தீவு இருக்கிறது. அங்கே இரவில் நீள வாலோடு ஒளி வீசிக்கொண்டு பறப்பதாகச் சொல்லப்படும் ஒன்றுக்கு ‘ரோப்பன்’ என்று பெயர். ஜாம்பியாவின் சதுப்பு நிலங்களில் ‘கொங்கமாட்டோ’. இரண்டும் டெரோசார்கள்தான், அதாவது டைனோசர் காலத்தில் வானத்தை ஆண்ட பறக்கும் ஊர்வனதான், அழியாமல் ஒளிந்து வாழ்கின்றன என்று உறுதியாக நம்புகிறவர்கள் உண்டு. இந்தக் கதைகளைச் சின்ன வயதிலிருந்தே விடாமல் படித்து வருகிறேன். நிஜமாக இருந்துவிடக் கூடாதா என்ற ஏக்கம் இன்னமும் எனக்கு இருக்கிறது. சொன்னவர்கள் சொன்னதெல்லாம் படித்தாயிற்று, எலும்புகளை நேரில் பார்த்துவிடலாம் என்றுதான் ஜெர்மனிக்குக் கிளம்பினேன்.

முதலில் பவேரியாவில் உள்ள ஐஷ்டெட். பெரிய ரயிலில் இருந்து இறங்கிக் குட்டி ரயில் ஒன்றில் ஏறி ஊருக்குள் போக வேண்டும். ஆல்ட்மூல் ஆற்றுக்கு மேலே, குன்றின் உச்சியில் வில்லிபால்ட்ஸ்பர்க் கோட்டை. அதற்குள்தான் ஜுரா அருங்காட்சியகம். சுற்றுவட்டாரத்தில் வெட்டியெடுக்கும் ஸோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த புதைபடிவங்கள் அங்கே இருக்கின்றன. அந்தக் கல்லுக்கு வயது 15 கோடி ஆண்டுகள்.

டெரோசார் என்றதும் மனதில் வருவது பூதாகரமான உருவம். இங்கே பல உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் போல இருந்தன. வெளிர் மஞ்சள் கல்லில் பழுப்பு நிற எலும்புகள். கண்ணாடிக்கு மிக அருகே குனிந்து கையை மட்டும் பார்த்தேன். நகத்தோடு மூன்று குட்டி விரல்கள். நான்காவது விரல் மட்டும் உடம்பைவிட நீளமாக ஓடுகிறது. சிறகு முழுவதையும் தாங்கியது அந்த ஒற்றை விரல்தான். வௌவாலுக்குப் பல விரல்கள் சேர்ந்து சிறகைத் தாங்குகின்றன. பறவைக்கு இறகுகள். இப்படி ஒரு கை வேறு எந்தப் பிராணிக்கும் கிடையாது. இந்த வட்டாரக் கல்லில் கிடைத்த ஒன்றை 1784-ல் முதன்முதலாக விவரித்த இயற்கை ஆய்வாளர் கொலினி, இது கடல் பிராணியாக இருக்கலாம் என்று நினைத்தார். பறக்கும் ஊர்வன என்று கண்டுகொண்டவர் பிரெஞ்சு விஞ்ஞானி குவியே, 1801-ல்.

பக்கத்திலேயே ராம்ஃபோரிங்கஸ். நீண்டு விறைத்த வால், நுனியில் ஒரு சிறு துடுப்பு. ரோப்பனுக்குச் சொல்லும் வால் அச்சு அசல் இதுதான். எனக்கு இங்கேதான் முதல் இடி. நீள வால் வகைகள் டைனோசர்கள் அழிவதற்கு வெகு காலம் முன்பே பாறைகளில் இருந்து மறைந்துவிடுகின்றன. கடைசிவரை இருந்தவை குட்டை வால்காரர்கள். அப்படியானால் ரோப்பன், டைனோசர்கள் அழிந்து கழிந்த 6.6 கோடி ஆண்டுகள் அல்ல, 10 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் எலும்பைக்கூட விட்டுவைக்காமல் ஒளிந்திருக்க வேண்டும்.

சரி, சீலகாந்த் மீன் மட்டும் எப்படி? டைனோசர்களோடு போய்விட்டது என்று நம்பிய மீன் 1938-ல் தென்னாப்பிரிக்கக் கடலில் வலையில் சிக்கியதே? நியாயமான கேள்வி. ஐஷ்டெட்டை விட்டுக் கிளம்பிய பிறகும் அது என்னை விடவில்லை. ஆனால் அந்த மீன் வாழ்வது ஆழ்கடல் பாறைச் சரிவுகளில். அங்கே புதைபடிவம் உருவாவதும் அரிது, மனிதக் கண்ணில் படுவதும் அரிது. பறக்கும் பிராணி வானத்துக்கு வந்தே ஆக வேண்டும், தரையில் முட்டையிட்டே ஆக வேண்டும்.

அப்புறம் போனது மெஸ்ஸெல், டார்ம்ஸ்டாட் பக்கம். என்னைக் கேட்டால் டெரோசார் பிரியர்கள் தவறாமல் பார்க்க வேண்டிய இடம் இதுதான், ஒரு டெரோசார்கூட இல்லாத இந்தக் குழி. எண்ணெய்க் களிக்கல் தோண்டிய பழைய சுரங்கம். பிறகு குப்பை கொட்டும் இடமாகவே மாறியிருக்கும், ஊர்க்காரர்கள் விடாமல் எதிர்த்துக் காப்பாற்றினார்கள். 1995 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். வழிகாட்டியோடுதான் உள்ளே இறங்க முடியும். அவர் ஒரு கறுப்புக் கல்லைக் கத்தியால் மெல்லப் பிளந்தார், நனைந்த புத்தகத்தின் தாள்களைப் போலப் பிரிந்தது. தண்ணீர் அவ்வளவு ஊறியிருக்கிறது. காய்ந்தால் நொறுங்கிவிடும் என்பதால், கிடைக்கும் எலும்புகளைப் பிசினுக்கு மாற்றித்தான் பாதுகாக்கிறார்கள்.

இது 4.7 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த ஓர் எரிமலை ஏரி. அடியில் ஆக்சிஜன் இல்லை, அதனால் விழுந்தது எதுவும் கெடவில்லை. பறவைகள் இறகோடு கிடைக்கின்றன. வௌவால்கள் நூற்றுக்கணக்கில், சிறகுத் தோலின் தடம்வரை. சிலவற்றின் வயிற்றில் கடைசியாகத் தின்ற அந்துப்பூச்சியின் செதில்கள்கூட இருக்கின்றன! ஏரிக்கு மேலே பறந்ததெல்லாம் இங்கே விழுந்திருக்கிறது. டெரோசார் மட்டும் இல்லை. அமெரிக்காவின் வயோமிங்கில் 5.2 கோடி ஆண்டுப் பழைய ஏரிப் பாறைகளிலும் இதே கதைதான்: வௌவால் உண்டு, பறவை உண்டு, டெரோசார் இல்லை.

அவை தேய்ந்து தேய்ந்து மறைந்த இனமும் இல்லை. டைனோசர்களை அழித்த விண்கல் விழுவதற்குச் சற்று முந்தைய மொரோக்கோ பாறைகளில் ஏழு வகை டெரோசார்கள் இருந்ததை 2018-ல் வெளியிட்டார்கள். டெக்சாஸின் கெட்சால்கோட்லஸுக்குச் சிறகு விரிப்பு சுமார் 10 மீட்டர். செழிப்பாக இருந்தபோதே கதை முடிந்திருக்கிறது. இதை எழுதும்போதும் வருத்தமாகவே இருக்கிறது.

ரோப்பனைப் பார்த்ததாகச் சொல்பவர்களை நான் பொய்யர்கள் என்று சொல்ல மாட்டேன். நியூ கினியின் பெரிய பழந்தின்னி வௌவால்கள் சிறகை விரித்தால் ஒன்றரை மீட்டரை நெருங்கும், அந்தி வெளிச்சத்தில் என்னவாகவும் தோன்றும். கொங்கமாட்டோ விஷயத்தில் எனக்குக் கோபம் கேட்டவர் மீதுதான். ஃபிராங்க் மெல்லண்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, டெரோசார் படங்களைக் காட்டி விசாரித்ததாக 1923-ல் எழுதினார். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதுவா என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்?

மங்கலான வீடியோ எதுவும் இனி எனக்கு வேண்டாம். அந்த நான்காவது விரலின் ஒரே ஓர் எலும்பு, கல்லாகாமல், புதிதாக வேண்டும். உள்ளே கூடாகவும் சுவர் மெல்லியதாகவும் இருக்கும் அதை வேறெதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது. அது கிடைக்கும்வரை டெரோசார்கள் அழிந்துவிட்டன என்றுதான் சொல்வேன்.