ஓரே போர்க்களத்து ழான்: எர்மின் மேலங்கி ஒருவழியாக முடிந்தது

1364-இல் ஓரே (Auray) என்ற ஊரருகே நடந்த போரில் வென்ற, வடமேற்குப் பிரான்சிலுள்ள பிரித்தனியின் கோமகன் நான்காம் ழானை 75 மில்லிமீட்டர் ரெசின் உருவத்தில் தீட்டும் வேலை பல மாதங்களாக அவருடைய வெள்ளை மேலங்கியில் சிக்கிக் கிடந்தது. சென்ற வாரம் அந்த மேலங்கி முடிந்துவிட்டது. நன்றாகவும் வந்திருக்கிறது என்று கூச்சமின்றியே சொல்லிக்கொள்கிறேன். முகம், எஃகுக் கவசம், கழுத்தைச் சுற்றிய சங்கிலி வலை ஆகியவற்றை நம்மில் எல்லோரும் செய்கிற முறையிலேயே செய்திருப்பதால் அவற்றை விளக்கப் போவதில்லை. இந்தக் குறிப்பு முழுவதும் எர்மினை, அதாவது எர்மின் என்ற சிறு விலங்கின் வெள்ளைத் தோலையும் கறுப்பு வால்நுனிகளையும் காட்டும் சின்னத்தை, பற்றியது; குறிப்பாக வெள்ளைத் துணியின் மீது வரிசையாக அமர வேண்டிய அந்தக் கறுப்பு வால்நுனிகளைப் பற்றியது.

அந்தப் புள்ளிகளுக்காக இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கேட்பவர்களுக்குச் சிறிது வரலாறு சொல்லியாக வேண்டும். பிரித்தனியின் சின்னம் தொடக்கத்திலிருந்தே வெறும் எர்மின் அல்ல. 1213-இல் பிரித்தனியின் வாரிசான அலிக்ஸை மணந்து வந்த பியேர் மோக்லேர், தம் த்ரே குலத்தின் பொன்னும் நீலமுமான சதுரக் கட்டங்களைச் சிவப்புக் கரையோடு கொண்டுவந்தார். எர்மின் அதன் ஒரு மூலையில் மட்டுமே இருந்தது. 1316-இல் மூன்றாம் ழான் அந்தக் கட்டங்களை நீக்கிவிட்டு முழுக் கேடயத்தையும் எர்மினாக்கினார். அவரே 1341-இல் பிள்ளையில்லாமல் இறந்தபோது, அவருடைய மாற்றாந்தாய் வழித் தம்பியும் நம் நான்காம் ழானின் தந்தையுமான மோன்ஃபோர் ழானும், மறைந்த இன்னொரு தம்பியின் மகளான பாந்தியேவ்ரின் ஜோனை மணந்திருந்த ப்ளுவாவின் ஷார்லும் ஆட்சிக்கு உரிமை கோரினார்கள். முன்னவருக்கு இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டும், பின்னவருக்குத் தாய்மாமனான பிரெஞ்சு அரசர் ஆறாம் பிலிப்பும் துணை நின்றார்கள். அடுத்த இருபத்துமூன்று ஆண்டுப் போரில் இரு தரப்பும் தமதென்று சொல்லிக்கொண்ட சின்னம் ஒன்றே, அந்த வெற்று எர்மின். ஆகவே இந்த உருவத்தில் கண் முதலில் போய் நிற்கும் இடம் அதுதான். அது சரியாக அமையாவிட்டால் கீழே எந்தப் பெயர்ப்பலகை வைத்தும் பயனில்லை.

எந்த ஆண்டின் ழானைத் தீட்டுவது என்பதை முடிவு செய்வதற்கே நெடுநேரம் பிடித்தது. 1339-இல் பிறந்த அவர் சிறுவயதிலேயே தாய் ஃபிளாண்டர்சின் ஜோன்னாவுடன் இங்கிலாந்துக்குப் போனார். ஹென்னபோன் கோட்டையை முற்றுகையில் காத்து நின்ற அந்த அன்னையின் பிற்காலம் அங்கேயே காவலில் கழிந்தது. நாந்த் நகரில் பிடிபட்டு லூவ்ரில் சிறையிருந்த தந்தை, வெளியே வந்து 1345-இல் ஹென்னபோனில் இறந்தார். எட்வர்டின் அரண்மனையில் வளர்ந்து, அவருடைய மகள் மேரியை மணந்து, பிரித்தனிக்குத் திரும்பிய மகன் 1364-இல், இருபத்துநான்கு வயதில், ஓரேயில் வென்றார். ஷார்ல் களத்திலேயே மாண்டார். 1365 ஏப்ரலில் கெராந்த் உடன்படிக்கை ழானைக் கோமகனாக உறுதி செய்தது. அதன் பிறகும் நிம்மதியில்லை. ஆங்கிலச் சார்பினால் சொந்தப் பிரபுக்களையே பகைத்துக்கொண்டு 1373-இல் இங்கிலாந்துக்கு ஓடினார். 1378-இல் பிரெஞ்சு அரசர் ஐந்தாம் ஷார்ல் பிரித்தனியை அப்படியே தம் அரசோடு சேர்த்துக்கொள்ள முயன்றபோது, ழானை விரட்டிய அதே பிரபுக்கள் அவரைத் திரும்ப அழைத்தார்கள். 1379 ஆகஸ்டில் அவர் கரையிறங்கினார்.

இந்த வாழ்க்கையை அறிந்தவருக்கு எல்லாவற்றையும் ஒரே உருவத்தில் அடைத்துவிட ஆசை வரும். எர்மின் வீரக்குழு 1381-ஐ ஒட்டி அவர் நிறுவியது. பெண்களையும் சேர்த்துக்கொண்ட அந்தக் குழுவின் கழுத்தணி தீட்டுவதற்கு அருமையான பொருள். ஆனால் 1364-இன் ழானுக்கு அது கிடையாது; இங்கிலாந்தின் கார்ட்டர் வீரக்குழுவின் பட்டையும் அவருக்குப் பின்னால்தான் வந்தது. ஆகவே இரண்டையும் ஒதுக்கிவிட்டேன். அணிகலன் எதுவுமில்லாத இளைஞர், கவசத்தின் மேல் அணியும், உடலோடு ஒட்டிய ஜூப்போன் என்ற மேலங்கி, இடுப்பெலும்பின் மீது தாழ்ந்து நிற்கும் பட்டையான கச்சை, அவ்வளவுதான். ஜூப்போன் உடலை ஒட்டி நிற்பது நமக்கு வசதி போலத் தோன்றினாலும், மார்பின் புடைப்பும் இடையின் ஒடுக்கமும் புள்ளி வரிசைகளைப் படுத்தும் பாடு கொஞ்சமன்று.

முதலில் வெள்ளையைப் பற்றி. புட்டியிலிருந்து வரும் தூய வெள்ளையை அடித்தளமாகப் பூசினால் உருவம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். தந்த நிறத்தில் சிறிது சாம்பலும் துளி மஞ்சட்காவியும் கலந்ததை அடித்தளமாக வைத்தேன். மடிப்பின் பள்ளங்களுக்குப் பழுப்புச் சாம்பலை மிக மெல்லிய கிளேஸாக (அடியிலுள்ள நிறம் தெரியும் நீர்த்த பூச்சாக), ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்ததாக ஏற்றினேன். தூய வெள்ளை தோள் விளிம்பிலும் மார்பின் மேட்டிலும் மட்டுமே வந்தது. நீலச் சாம்பல் நிழல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. போர்க்கள மேலங்கியின் எர்மின் உண்மையான மென்மயிர்த் தோல் அன்று. துணியின் மீது தைத்த அல்லது தீட்டிய சின்னம். நீலம் சேர்ந்தால் அது துணித்தன்மையை இழந்து பனிக்கட்டியாகிவிடுகிறது.

இனிப் புள்ளிகள். இந்த அளவில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் உயரம்: மேலே மூன்று பொட்டுகள், கீழே விரிந்து மூன்றாகப் பிரியும் வால். எத்தனை புள்ளிகள் இருக்க வேண்டும் என்று சின்னவியல் விதி எதுவும் கிடையாது. அதனால் எண்ணிக்கையை உருவத்தின் மேனியே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிடலாம். வரிசைகளை மட்டும் அப்படி விட முடியாது. மார்பின் நடுக்கோட்டிலிருந்து தொடங்கி, நீர்த்த சாம்பலில் ஊசிமுனை அளவுக் குறிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி விழும்படி இட்டுக்கொண்டே போக வேண்டும். குறிகள் மார்பில் சற்று அகல வேண்டும்; இடையில் நெருங்க வேண்டும்; மடிப்பு விழுகிற இடத்தில் புள்ளியின் பாதி உள்ளே மறைய வேண்டும். மறையாமல் ஒவ்வொரு புள்ளியையும் முழுதாகக் காட்டினால் மடிப்பே பொய்யாகத் தெரியும். இந்தக் குறிகளிடுவதற்கே புள்ளிகளைத் தீட்டுவதைவிட அதிக நேரம் ஆனது. அதில் ஒரு நிமிடம்கூட வீணில்லை.

மூன்று வால்நுனிகளையும் கறுப்பால் வரைய முயல்வதுதான் எல்லோரையும் தோற்கடிக்கிற இடம். கறுப்பில் வரைந்த மூன்று மெல்லிய கோடுகள் ஒன்றுக்கொன்று பொருந்துவதேயில்லை. ஒன்று தடித்தால் மற்றதைத் தடிக்க வைக்கத் தோன்றும், கடைசியில் கரப்பான்பூச்சிதான் மிஞ்சும். நான் கண்டடைந்த வழி நேர்மாறானது. மேலே குறுகிக் கீழே விரிந்த ஒரு முக்கோணத்தை முழுக் கறுப்பாக இட்டுவிட வேண்டும். அது காய்ந்ததும் அடித்தள வெள்ளையைத் தூரிகை நுனியில் எடுத்து, கீழ்விளிம்பில் இரண்டு சிறிய வெட்டுகள் வைத்தால் மூன்று நுனிகள் தாமாகவே பிறந்துவிடும். பக்கங்களையும் அதே வெள்ளையால் உள்நோக்கி ஒடுக்கலாம். பொட்டுகள் மூன்றையும் எல்லா வால்களும் முடிந்த பிறகு ஒரே அமர்வில் இடுவது நல்லது. கை ஒரே சீராக இயங்கும். கறுப்பும் தூய கறுப்பன்று, அடர்பழுப்பு ஒரு துளி சேர்ந்தது. நுனியிலேயே சாயம் காய்ந்துவிடாமலிருக்க, காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் திரவம் மிகச் சிறிதளவு போதும். கூடினால் புள்ளியின் ஓரம் கசியும்.

தூரிகை விஷயத்தில் என் பழைய புலம்பலையே மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. நுண்வேலை என்றதும் மூன்று சுழியம் எண் தூரிகையைத் தேடுகிறார்கள். அது ஒரு புள்ளிக்குப் போதுமான சாயத்தைக்கூடத் தாங்குவதில்லை. நுனி கூர்மையாக நிற்கிற ஒன்றாம் எண் கோலின்ஸ்கியே இதற்குப் போதும். கோலின்ஸ்கி மயிர் சைபீரிய வீசலின் வாலிலிருந்து எடுக்கப்படுவது. எர்மினும் அதே குடும்பத்து விலங்குதான், குளிர்காலத்தில் உடலெல்லாம் வெளுத்தாலும் வால்நுனி மட்டும் கறுப்பாகவே இருப்பது. ஆக, எர்மினின் வாலை அதன் பங்காளியின் வால்மயிராலேயே தீட்டியிருக்கிறேன். நல்ல தூரிகை கிடைப்பதுதான் பெரும்பாடு. இணையத்தில் ஒரு கடை கோலின்ஸ்கி என்று சொல்லி அனுப்பிய தூரிகைத் தொகுப்பில், முதல் கழுவலிலேயே நுனி இரண்டாகப் பிளந்தது. விலையைப் பார்த்தபோதே ஐயம் எழுந்திருந்தது. நுனியை நனைத்துப் பார்த்து வாங்க அனுமதிக்கிற ஓவியப் பொருள் கடை அருகில் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

அச்சடித்த ஒட்டுப்படமான டெக்கால் ஒட்டிவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: தட்டையான கேடயத்தில் ஒட்டலாம், ஜூப்போனில் கூடாது. மென்மையாக்கும் திரவம் எவ்வளவு ஊற்றினாலும் அக்குளுக்குக் கீழே அது சுருங்கும். சுருங்காவிட்டாலும் அச்சடித்த புள்ளிகள் நிழலிலும் ஒளியிலும் ஒரே கறுப்பாக நிற்கும். கையால் இட்ட புள்ளிக்கு ஒளி விழும் பக்கத்தில் அடர்சாம்பல் கிளேஸ் ஒன்று கொடுக்க முடிகிறது, அந்த ஒன்றே அதைத் துணியோடு சேர்த்துவிடுகிறது.

இந்த உருவத்துக்கு இன்னும் கேடயம் இல்லை, வாளுறை பாதியில் நிற்கிறது, பீடத்தில் ஓரே போர் நடந்த லோக் ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்தைக் காட்டக் களிமண்கூடப் பிசையவில்லை. அதற்குள் அடுத்த உருவங்களுக்கான ரெசின் மேசைக்கு வந்துவிட்டது. ஷார்லைத் தீட்டியே ஆக வேண்டும். 1904-இல் கத்தோலிக்கத் திருச்சபை அருளாளர் பட்டம் அளித்த மனிதர் அவர். அவருடையதென்று கொள்ளப்படும் பஞ்சு வைத்துத் தைத்த பொற்பட்டுச் சட்டை லியோன் நகரத் துணி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நெஞ்சு புடைத்து இடை சிறுத்த அதன் வடிவத்தைப் பார்த்த பிறகுதான் என் ழானின் இடுப்பைச் சுரண்டிக் குறைத்தேன்; இந்தக் காலத்து வீரர்களைச் செய்பவர்கள் அதன் படத்தை மேசையில் வைத்துக்கொள்வது நல்லது.

ஷார்லுக்குப் பிறகு ஒலிவியே தெ க்ளிசோன். ஓரேயில் ழானுக்காகப் போரிட்டு ஒரு கண்ணை இழந்தவர். வெற்றிக்குப் பின் காவ்ர் கோட்டையை ழான் ஆங்கிலத் தளபதி ஜான் சாண்டோசுக்குக் கொடுத்ததும் பகைவராகி, 1387-இல் வான் நகரத்து எர்மின் கோட்டையில் அதே ழானின் கைதியாகிப் பெரும்பொருள் கொடுத்து மீண்டவர். இருவரையும் ஒரே பீடத்தில் நிறுத்தினால் க்ளிசோனின் காயம்பட்ட கண் ழானின் பக்கம் இருக்க வேண்டுமா, மறுபக்கமா என்று இப்போதே யோசனை ஓடுகிறது. ஓரேயில் ஷார்லின் பக்கம் போரிட்ட தளபதி து கெக்ளானின் கறுப்பு இருதலைக் கழுகுச் சின்னமும் பட்டியலில் உண்டு. ஆனால் ஷார்ல் என்றால் மறுபடி முழு எர்மின், இம்முறை 90 மில்லிமீட்டரில். கேடயத்தை முடித்ததும் அவருடைய ஜூப்போனில் குறிகளிடத் தொடங்குவேன். பெரிய அளவில் வெட்டுகளின் ஆழத்தை எவ்வளவு கூட்டலாம் என்பதைக் கேடயத்தின் பின்புறத்தில் முதலில் சோதித்துக்கொள்ளப் போகிறேன்.