10 எம்பி லைனில் மூன்றரைதான் வந்தது: டைமரை மாற்றிய அனுபவம்

பதினொரு நாள். அத்தனை நாளும் லைன் கொடுத்த கம்பெனியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். புதுச்சேரி லாசுப்பேட்டையில் ஒரு மாணவியர் விடுதி, 10 எம்பி லீஸ்டு லைன் (செகண்டுக்கு 10 மெகாபிட் தரும் தனி இணைய இணைப்பு). நடுவில் சின்ன ஏஆர்எம் போர்டில் லினக்ஸ். லினக்ஸின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியான டிசியில் டிபிஎஃப் (ஒரு வாளியில் டோக்கன் நிரம்பும் அளவுக்கு மட்டும் பாக்கெட்டை விடும் முறை) போட்டு இரண்டு பக்கமும் 9 மெகாபிட்டுக்குக் கட்டியிருந்தேன், பர்ஸ்ட், அதாவது அந்த வாளியின் கொள்ளளவு, 5 கேபி. வார்டன் அக்கா தினமும் போன். "தம்பி, பத்துக்குப் பணம் கட்டறோம், மூணரைதான் காட்டுது. புள்ளைங்க என்னைத்தான் கேக்குதுங்க."

கம்பெனி அலுவலகத்துக்கு இரண்டு தடவை போனேன். கவுன்டரில் இருந்தவர் புகார் எண்ணைக்கூடப் பார்க்காமல் "உங்க சைடுதான் சார்" என்றார். அவர் சொன்னது சரி. பார்க்காமலே சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது.

போர்டைக் கழற்றி லேப்டாப்பை நேராகச் செருகியதும் 9.4 வந்தது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். நீங்களாவது செய்யுங்கள்.

அப்புறம்தான் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தன் நிலவரத்தைக் காட்டும் ப்ராக்-நெட்டுக்குள் இருக்கும் பிஷெட் கோப்பைத் திறந்தேன். டைமர் செகண்டுக்கு எத்தனை தடவை துடிக்கும் என்று சொல்லும் நான்காவது எண் 00000064. அது பதினறும எண், நம் கணக்கில் 100. ஹை ரெசல்யூஷன் டைமர் (நுண்ணிய டைமர்) ஓடும் மெஷினில் அங்கே 100 கோடி இருக்கும். கர்னல் நேரம் பார்க்கும் க்ளாக்சோர்ஸும் ஜிஃபீஸ் (அந்தத் துடிப்புகளின் எண்ணிக்கை). அதாவது இந்தக் கர்னலுக்கு 10 மில்லி செகண்டுக்கு ஒரு தடவைதான் நேரமே நகர்கிறது. 5 கேபி வாளியில் 1514 பைட் பாக்கெட் மூன்றுதான் கொள்ளும். செகண்டுக்கு 100 தடவை, 300 பாக்கெட். பெருக்கிப் பாருங்கள்: 3.6 மெகாபிட். ஹெடர் போக அக்கா சொன்ன அதே மூன்றரை!

வேகம் மட்டும் போதும் என்றால் பர்ஸ்ட்டை 12 கேபி ஆக்கினாலே போதும். 9 மெகாபிட்டுக்கு ஒரு டிக்கில் (ஒரு துடிப்பில்) 11,250 பைட்தான். அதையும் போட்டுப் பார்த்தேன். ஏழெட்டுப் பாக்கெட் ஒரேயடியாகப் பாயும், அப்புறம் சத்தமே இருக்காது. அப்லோடில் அந்தக் கும்பலின் வாலைக் கம்பெனியின் போலிசர் (அளவு மீறும் பாக்கெட்டை வீசிவிடும் கருவி) வெட்டியது, வீடியோ வகுப்பில் குரல் விட்டுவிட்டு வந்தது. போர்டின் டைமர் ட்ரைவர் பீரியாடிக் (சீரான இடைவெளியில் துடிப்பது) மட்டும் என்பதால் ஹை ரெசல்யூஷனுக்கு வழியில்லை. மிச்சமிருந்தது ஹெச்இஸட்டை (செகண்டுக்கு எத்தனை டிக் என்ற அமைப்பு) 1000 ஆக்கி கர்னலைக் கம்பைல் செய்வதுதான்.

போர்டு விற்ற கடையில் கர்னலின் சோர்ஸ் கேட்டால், "அதெல்லாம் யாரும் கேட்டதில்லையே சார்." லினக்ஸின் உரிமமான ஜிபிஎல் படி தரவேண்டியது அது. மூன்று மெயிலுக்குப் பிறகு வந்தது.

இனிமேல்தான் என் தப்பு. கர்னல் இமேஜை மட்டும் கட்டி, பழைய மாட்யூல்களை (ட்ரைவர் போன்ற தனித் துண்டுகள்) அப்படியே விட்டு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தே ஏற்றி ரீபூட் செய்தேன். வெர்ஷன் பெயர் ஒன்றே என்பதால் மாட்யூல்கள் முணுமுணுக்காமல் ஏறிக்கொண்டன. சாயங்காலம் யுஎஸ்பி லேன் கார்டு செத்துச் செத்துப் பிழைத்தது. லாகில் "ட்ரான்ஸ்மிட் க்யூ டைம்டு அவுட்" வரிசையாக. ட்ரைவரில் 5 பெருக்கல் ஹெச்இஸட் என்று எழுதியிருப்பது கம்பைல் ஆகும்போதே 500 டிக் என்று உறைந்துவிடும். பழைய கர்னலில் அது 5 செகண்ட். புதியதில் அரை செகண்ட். லைன் கொஞ்சம் திணறினாலே வாட்ச்டாக் (கண்காணிப்பு டைமர்) கார்டை ரீசெட் செய்துவிடுகிறது.

பஸ் பிடித்து ஓடினேன். விடுதி கேட் 9 மணிக்கு மூடியாயிற்று, பெண்கள் விடுதி, யாரையும் விடமாட்டார்கள். திரும்பி வந்து, மறுபடி விடியற்காலையில் போனேன்.

ஹெச்இஸட்டைத் தொட்டால் மாட்யூல் ஒன்றுவிடாமல் மறுபடி கட்டுங்கள். கர்னலின் லோக்கல் வெர்ஷன் பெயரையும் மாற்றிவிடுங்கள், பழையது தானாக ஏறாது. பழைய எஸ்டி கார்டைப் பத்திரமாக வையுங்கள்.

இப்போது பிஷெட்டில், நம் கணக்கில், 1000. பர்ஸ்ட் அதே 5 கேபி. வேகம் அளக்கும் ஐபெர்ஃப் 8.6 காட்டுகிறது, ஹெடர் போக 9-க்கு வரவேண்டியது அவ்வளவுதான். மூன்று நாளாக அக்காவிடமிருந்து போன் இல்லை.