கன்ஹேரியில் மேலே ஏறுங்கள்

மும்பையின் போரிவலி நேஷனல் பார்க்குக்குப் போகிறவர்கள் பலர் வாசல் பக்கத்துப் பூங்காவோடு சரி. மற்றவர்கள் உள்ளே ஓடும் பஸ்ஸில் ஏறி, பாறையில் குடைந்த பௌத்தக் குகைகள் இருக்கும் கன்ஹேரி வரை வருவார்கள். மூன்றாம் எண் குகையில் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுவார்கள். பார்க்க வேண்டியது அதற்கு மேலேதான் தொடங்குகிறது.

ஊரிலிருந்து அத்தை வந்திருந்தார். கேட்வே, மெரின் டிரைவ் எல்லாம் காட்டியாயிற்று. "மரம் மட்டை இருக்கிற இடமே கிடையாதா உங்க பம்பாயில?" என்று கேட்டதால் இந்த ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை காலை தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில்களைக் குறைக்கும் மெகா பிளாக் தொடங்குமுன் மாட்டுங்காவிலிருந்து தாதர் போய், அங்கிருந்து போரிவலி ஃபாஸ்ட் பிடித்தோம். பார்க்குக்கு ஒரு டிக்கெட், குகைக்குத் தனி டிக்கெட்.

மூன்றாம் குகையைக் குறை சொல்ல முடியாது. சாதவாகன மன்னன் யக்ஞஸ்ரீ சதகர்ணி காலத்துச் சைத்தியம், அதாவது பௌத்த வழிபாட்டு மண்டபம் அது. முன்மண்டபத்தின் இரு பக்கமும் ஏழு மீட்டர் உயர புத்தர்கள் நிற்கிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தூண்களை நிம்மதியாகப் பார்க்க விடுவதில்லை. சின்னவன் உள்ளே கத்தி எதிரொலி கேட்டு முடித்ததும் வெளியே வந்துவிட்டோம்.

அங்கிருந்து பாறையிலேயே வெட்டிய படிகள் மேலே போகின்றன. கருங்கல், செப்டம்பர் ஈரம். செருப்பு வழுக்குகிறது என்று அத்தை அதைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏறினார். வழியெல்லாம் துறவிகள் தங்கிய சின்னச் சின்ன அறைகள். நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் இந்த மலையில் உண்டு. எனக்கு ஓரளவுக்கு மேல் எல்லா அறையும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. அத்தைதான் ஓர் அறைக்கு வெளியே குனிந்து நின்றார். பாறையில் விரல் பருமனுக்கு ஒரு கோடு, இறங்கிப் போய் வேறொரு கோட்டில் சேர்ந்து, சதுரமாக வெட்டிய ஒரு குழியில் முடிந்தது.

"ஏளா, இது வாய்க்கால்லா!"

தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைநீரைப் பாறைச் சரிவிலிருந்து அறைவாசல் தொட்டிக்குக் கொண்டுவரும் ஏற்பாடு அது. மழைக்காலத்தில் துறவிகள் ஊர் சுற்றாமல் ஓரிடத்தில் தங்குவது பௌத்த வழக்கம். பெய்வதைப் பிடித்து வைத்தால்தான் கோடையையும் கடக்கலாம். அதன் பிறகு பிள்ளைகள் குகையை விட்டுவிட்டு வாய்க்கால் தேடினார்கள். தொட்டி கண்ட இடமெல்லாம் நிறுத்தம். எங்கள் வேகம் ஆமைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, ஆனாலும் யாரும் அவசரப்படவில்லை.

இதே காட்டுக்குள்தான் 1860-இல் கட்டிய விஹார் ஏரியும், 1879-இல் கட்டிய துளசி ஏரியும் இருக்கின்றன. மும்பையின் குடிநீரில் அவற்றின் பங்கு இன்று சிறியதுதான், ஆனால் நின்றுபோகவில்லை. ஏரிகளின் நீர்ப்பிடிப்பு என்பதால் காடும் ஓரளவு தப்பித்தது என்பது என் கணிப்பு.

உச்சியில் காற்று நன்றாக அடித்தது. சுற்றிலும் பச்சை, அது முடிகிற இடத்தில் போரிவலியின் அடுக்குமாடிகள். நூறு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான இந்தக் காட்டில் சிறுத்தைகள் இருக்கின்றன என்று பெரியவளிடம் இவர் சொல்ல, அவள் அதன் பிறகு நடுவில்தான் நடப்பேன் என்றாள். சரிவுகளில் கார்வி புதர்கள். நம் குறிஞ்சிக்கு உறவு. அது 12 ஆண்டுக்கு ஒருமுறை என்றால் இது 8. 2024-இல் பூத்தது, இனி 2032.

கீழே ஆதிவாசிப் பெண்கள் வெள்ளரிப்பிஞ்சைக் கீறி உப்பு மிளகாய்த்தூள் தடவி விற்கிறார்கள். அத்தை தமிழில் பேரம் பேசினார், அவர்கள் மராத்தியில் பதில் சொன்னார்கள். இரண்டு கூடுதலாகவே கிடைத்தது.

போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை விடுமுறை. பிடிப்புள்ள செருப்பு வேண்டும். சாப்பாட்டைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். எங்கள் மிளகாய்ப்பொடி இட்லியில் பாதி குரங்குக்குப் போய்விட்டது, அதற்கும் காரம் ஒன்றும் செய்யவில்லை.