162 வருஷம் கழித்து வைத்த கல்

மயால் கிரீக் படுகொலை நினைவிடத்தைப் பார்த்துவிட்டு நேற்று ராத்திரிதான் சிட்னி திரும்பினோம். வாடகைக் கார்க்காரர்கள் மேல் இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. பதிவு செய்தபோது சொன்ன தொகை ஒன்று. சாவி கொடுக்கும்போது, காப்பீட்டுக்குத் தனி, நாளொன்றுக்கு இத்தனை கிலோமீட்டர்தான், தாண்டினால் அதற்கும் தனி என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். போகவர ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டியவர்களுக்கு இது சின்ன விஷயமா? மூன்று நாள் பட்ஜெட்டில் பாதி அங்கேயே காலி. நீங்கள் போனால் கிலோமீட்டர் வரம்பில்லாத வண்டியா என்று முதலில் கேளுங்கள்.

ஆனாலும் போனது நல்லதுதான். தம்பி வண்டி ஓட்ட, நானும் அவன் மகளும் உடன். ஏழு மணி நேரத்துக்குமேல் ஓட்டம், பிங்காரா என்ற சின்ன ஊர். ஜூலைக் குளிரில் கை விறைத்துப்போய் ஒரு கடைக்குள் நுழைந்தோம். பூசணி சூப்பும் அப்போதுதான் சுட்ட ரொட்டியும் கொடுத்தார்கள். ஆவி பறந்தது. இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு மனசு நிறைந்த ஒரே சாப்பாடு அதுதான்.

அந்தக் கடைத்தெருவில் சாலையோரம் வரிசையாக ஆரஞ்சு மரங்கள். போரில் இறந்த உள்ளூர் வீரர்களின் நினைவாக நட்டவை. வருஷத்தில் ஒருநாள் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து பழம் பறிக்கிறார்கள். இறந்தவர்களை இப்படி நினைவில் வைத்துக்கொள்ளும் ஊர் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அங்கிருந்து 20 கிலோமீட்டர் தாண்டி, மயால் கிரீக்கில் 1838 ஜூன் 10 அன்று கொல்லப்பட்டவர்களுக்கு ஒரு கல் வைக்க 2000ஆம் ஆண்டு வரை ஆனது. அதுதான் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

கொல்லப்பட்டவர்கள் விராயராய் என்ற ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்கள், குறைந்தது 28 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். அந்த மாட்டுப் பண்ணையில் ஆபத்தில்லை என்று நம்பித்தான் சில வாரங்களாக அங்கே தங்கியிருந்தார்கள். இளைஞர்கள் மரப்பட்டை வெட்டப் போயிருந்த நேரத்தில் குடியேறிகளின் பண்ணைகளைச் சேர்ந்த 12 பேர் குதிரையில் வந்தார்கள். அங்கே இருந்தவர்களை ஒரே கயிற்றில் பிணைத்து இழுத்துப்போய்க் கொன்றார்கள். பிறகு திரும்பி வந்து உடல்களை எரித்தார்கள்.

வழக்கு நடந்தது, அதுவே அந்தக் காலத்தில் அபூர்வம். பண்ணை மேலாளர் வில்லியம் ஹாப்ஸ் புகார் செய்தார். பண்ணைக் குடிசையைக் காக்கும் வேலைக்கு விடப்பட்டிருந்த கைதி ஜார்ஜ் ஆண்டர்சன் சாட்சி சொன்னார். முதல் விசாரணையில், பிடிபட்ட 11 பேரும் விடுதலை. இரண்டாவது விசாரணையில் அவர்களில் ஏழு பேருக்குத் தூக்கு. தலைமை தாங்கிய ஜான் ஃப்ளெமிங் பிடிபடவே இல்லை. எல்லாம் தெரிந்த பூர்வகுடி இளைஞர் டேவியின் சாட்சியம் நீதிமன்றம் ஏறவில்லை. கிறிஸ்தவர் அல்லாத பூர்வகுடியின் சத்தியப் பிரமாணத்தை அன்றைய சட்டம் ஏற்கவில்லை. மீதி நால்வரும் அப்படியே வெளியே வந்தார்கள். அதே வருஷம் ஜனவரியில் வாட்டர்லூ கிரீக்கில் குதிரைப் போலீஸ் செய்த பூர்வகுடிக் கொலைகளுக்கு ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. மயால் கிரீக் தூக்குக்குப் பிறகும் கொலைகள் நிற்கவில்லை. செய்தவர்கள் வாயை மூடிக்கொள்ளப் பழகினார்கள், அவ்வளவுதான்.

நினைவிடத்தில் சிவப்புச் சரளைப் பாதை பாம்புபோல வளைந்து போகிறது. வழியில் ஏழு கற்கள், ஒவ்வொன்றிலும் கதையின் ஒரு பகுதி, அந்த மக்களின் கமிலராய் மொழியிலும் ஆங்கிலத்திலும். முடிவில் பெரிய கருங்கல் பாறை. எந்தத் தூண்டுதலும் இல்லாமல், திட்டமிட்டுக் கொலை செய்யப்பட்டவர்கள் என்று அதில் நேராகவே எழுதியிருக்கிறது. 'மோதல்', 'துயர நிகழ்வு' என்ற பூசி மெழுகல் எதுவும் கிடையாது. 2005ல் யாரோ வந்து பலகைகளைச் சேதப்படுத்தி, 'கொலை', 'பெண்கள்', 'குழந்தைகள்' என்ற சொற்களைக் கொத்தியிருக்கிறார்கள். அந்தச் சொற்கள் அவர்களுக்கு எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும்!

"ஸ்கூல்ல ஒவ்வொரு கூட்டத்துலயும் இந்த மண்ணோட மூத்தவங்களுக்கு மரியாதை சொல்லுவோம் அத்தை. இதை மட்டும் யாரும் சொல்லலையே" என்றாள் தம்பி மகள். என்னிடம் பதில் இல்லை. மரியாதை சொல்வது நல்லதுதான். ஆனால் அந்த மூத்தவர்களுக்கு என்ன நடந்தது, யார் செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பத்து வயதுப் பிள்ளைக்கு அது வெறும் மனப்பாடம்.

ஜூன் நீண்ட வார இறுதியில் ஞாயிறன்று வருஷா வருஷம் இங்கே கூடுகிறார்கள். கொல்லப்பட்டவர்களின் வழிவந்தவர்களும் கொன்றவர்களின் வழிவந்தவர்களும் சேர்ந்தே வருகிறார்கள். நாங்கள் போன நாளில் எங்களைத் தவிர ஆளே இல்லை. பக்கத்தில் கடையும் கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள்.

பாறையில் கடைசி வரி கமிலராயில்: ஙியானி வினங்கை கனுங்க. 'அவர்களை நாங்கள் நினைவில் வைத்திருக்கிறோம்' என்று அர்த்தம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ங எழுத்துக்கு வார்த்தையே இல்லை என்று புலம்புகிறவள், பாறைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எழுத்தெழுத்தாக விரல் வைத்து அதை மூன்று தடவை சத்தமாகப் படித்தாள்.